நாற்பது வயதில் யாழைத் தேடியவர்

பல வீடுகளில் பரண் மேல் ஒரு வாத்தியம் இருக்கும். வீணையாக இருக்கலாம். வயலினாக இருக்கலாம். இந்தக் காலத்துப் பிள்ளைகள் விரும்புகிற கிட்டாராகவும் இருக்கலாம். இளமையில் ஆசை ஆசையாய் வாங்கியது. பிறகு பரீட்சை வந்தது. வேலை வந்தது. கல்யாணம் வந்தது. வாத்தியம் உறைக்குள் போய்விட்டது.

நாற்பது வயதுக்கு மேல் ஒரு நாள் அதை இறக்கித் துடைக்கிறோம். விட்ட பாடத்தை மறுபடியும் தொடங்கலாமா என்று தோன்றுகிறது. உடனே வெட்கம் வந்து தடுக்கிறது. இனிமேல் என்ன பாட்டு வாத்தியார், என்ன பாடம் என்று திரும்பவும் பரணில் ஏற்றி விடுகிறோம்.

சுவாமி விபுலானந்தர் கற்கப் புறப்பட்ட வாத்தியம் பரணில் கூட இல்லை. தமிழ்நாட்டில் எந்த வீட்டிலும் இல்லை. அதை வாசிக்கத் தெரிந்தவர் ஒருவரும் உயிரோடு இல்லை. அதன் பெயர் யாழ். பழைய பாட்டுகளில் மட்டும் அது ஒலித்துக் கொண்டிருந்தது. சிதம்பரத்துக்கு அருகில், அண்ணாமலை நகரில் வேலை பார்த்த காலத்தில் அவருக்கு இந்த ஆசை முற்றியது. அப்போது அவருக்கு நாற்பது வயது. பதினான்கு வருஷம் அதன் பின்னாலேயே போனார்.

மட்டக்களப்புப் பையன்

இலங்கையின் கிழக்குக் கரையில், மட்டக்களப்புப் பகுதியில், காரைதீவு என்று ஓர் ஊர் உண்டு. அங்கே சாமித்தம்பி, கண்ணம்மை என்ற தம்பதிக்கு 1892-ம் ஆண்டு மார்ச் மாதத்தில் ஓர் ஆண் குழந்தை பிறந்தது. மயில்வாகனன் என்று முருகனுடைய பெயரை வைத்தார்கள்.

அதே 1892-ம் ஆண்டில்தான் சென்னையில் உ. வே. சாமிநாதையர் சிலப்பதிகாரத்தை அச்சிட்டு வெளியிட்டார். அந்தப் புத்தகத்துக்கும் அந்தக் குழந்தைக்கும் பின்னால் ஏற்படப் போகும் தொடர்பை அப்போது யார் அறிவார்!

பையன் படிப்பில் சூரன். கல்முனையிலும் மட்டக்களப்பிலும் கிறிஸ்தவப் பள்ளிகளில் படித்தான். பதினாறாம் வயதில் கேம்பிரிட்ஜ் சீனியர் பரீட்சையில் தேறினான். ஆசிரியர் பயிற்சிக்குக் கொழும்பு போனான். இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். பகலில் படித்தது இங்கிலீஷும் கணக்கும் விஞ்ஞானமும். ஓய்வு நேரத்தில் தேடிப் போய்ப் படித்தது தமிழ். 1916-ல் விஞ்ஞான டிப்ளமாவும் பெற்றார். மதுரைத் தமிழ்ச் சங்கத்துப் பண்டிதர் பரீட்சையிலும் தேறினார். இலங்கையிலிருந்து அந்தப் பண்டிதர் பட்டத்தை முதலில் பெற்றவர் அவர்தான்.

பிறகு யாழ்ப்பாணத்தில் ஒரு கல்லூரியில் விஞ்ஞான ஆசிரியர். லண்டன் பல்கலைக் கழகத்தின் பி.எஸ்ஸி. பட்டம். மானிப்பாய் இந்துக் கல்லூரியின் தலைமையாசிரியர் பதவி. முப்பது வயதுக்குள் இவ்வளவும் வந்து விட்டன. சம்பளம், மரியாதை, ஊரில் பேர் எல்லாம் இருந்தன. பெண் கொடுக்கப் பலர் காத்திருந்திருப்பார்கள்!

1922-ல் அவர் எல்லாவற்றையும் விட்டார். சென்னை மயிலாப்பூர் ராமகிருஷ்ண மடத்துக்கு வந்து பிரம்மசாரியானார். 1924-ல் துறவறம் பெற்றார். மயில்வாகனன் மறைந்தார்; விபுலானந்தர் பிறந்தார்.

காவி கட்டியதும் புத்தகத்தைக் கட்டி வைத்தவர் அல்ல. மடத்தின் பத்திரிகைகளை நடத்தினார். ஷேக்ஸ்பியரின் பன்னிரண்டு நாடகங்களை எடுத்துக் கொண்டு, தமிழ் நாடக இலக்கணத்தோடு சேர்த்து, மதங்க சூளாமணி என்ற நூலை எழுதினார். இலங்கைக்குத் திரும்பி, மிஷனின் பள்ளிக்கூடங்களைப் பார்த்துக் கொண்டார். 1929-ல் மட்டக்களப்பில் கல்லடி உப்போடை என்னும் இடத்தில் சிவானந்த வித்தியாலயத்தைத் தொடங்கினார். அது இன்றும் நடக்கிறது.

சிதம்பரத்துக்கு வந்தார்

அக்காலத்தில் கடலூரைத் தலைநகராகக் கொண்டு தென்னாற்காடு ஜில்லா இருந்தது. 1993-ல் அதைப் பிரித்துக் கடலூர், விழுப்புரம் என்று ஆக்கினார்கள். கடலூரிலிருந்து தெற்கே ரயிலில் போனால் சிதம்பரம். ஸ்டேஷனுக்கு மேற்கே நடராஜர் கோபுரங்கள். கிழக்கே அண்ணாமலை நகர். ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் அங்கே 1929-ல் பல்கலைக் கழகத்தை ஏற்படுத்தினார். தமிழுக்கு ஒரு துறை. சங்கீதத்துக்கு ஒரு கல்லூரி. இரண்டும் ஒரே வளாகத்தில், கூப்பிடு தூரத்தில் இருந்தன.

அந்தப் பல்கலைக் கழகத்தில் தமிழ்ப் பேராசிரியராக 1931-ல் விபுலானந்தர் வந்து சேர்ந்தார். சந்நியாசி ஒருவர் காவி உடையோடு வகுப்புக்கு வந்து நிற்பது மாணவர்களுக்குப் புதுமையாக இருந்திருக்கும். அவரோ சங்கப் பாட்டையும் பாரதியார் பாட்டையும் ஒரே மாதிரி மதித்துச் சொல்லிக் கொடுத்தார். பாரதியாரைப் பண்டிதர்கள் பலர் கவி என்றே ஒப்புக் கொள்ளாத காலம் அது.

மாலையில் அவர் போகும் இடம் வேறு. பல்கலைக் கழகத்தை ஒட்டித் திருவேட்களம் என்ற சிற்றூர் இருக்கிறது. அங்கே தாழ்த்தப்பட்ட மக்கள் வாழ்ந்த பகுதிக்குப் போவார். பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுப்பார். பேராசிரியர் சேரிக்குள் போவதைப் பெரிய மனிதர்கள் எல்லாரும் விரும்பிய காலம் அல்ல அது. அவர் அதைப் பொருட்படுத்தியதாகத் தெரியவில்லை.

பாணர் வந்த வழி

திருவேட்களம் சாதாரண ஊர் அல்ல. அதை இங்கே சொல்லாமல் போக முடியாது.

ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு முன் சீகாழியில் திருஞான சம்பந்தர் இருந்தார். சிறு வயதிலேயே தேவாரம் பாடியவர். அவருடைய புகழைக் கேட்டு ஒரு முதியவர் மனைவியோடு வந்தார். அவர் பாணர் குலம். யாழ் வாசிப்பதில் மன்னர். திருநீலகண்ட யாழ்ப்பாணர் என்று பெயர். அவருடைய ஊர் திருஎருக்கத்தம்புலியூர். இன்றைய கடலூர் மாவட்டத்தில், விருத்தாசலத்துக்குப் பக்கத்தில், ராஜேந்திரப்பட்டணம் என்று வழங்குகிற ஊர்தான் அது.

சிறுவர் பாடினார், முதியவர் அந்தப் பாட்டை யாழில் வாசித்தார். அது முதல் இருவரும் பிரியவில்லை. இருவரும் தில்லைக்கு வந்தபோது, தில்லைக்குள் தங்க அஞ்சிச் சம்பந்தர் பக்கத்து ஊரில் தங்கினார் என்று பெரிய புராணம் சொல்கிறது. அந்தப் பக்கத்து ஊர்தான் திருவேட்களம். ஆக, சம்பந்தரும் பாணரும் தங்கிய அதே ஊருக்குத்தான் விபுலானந்தர் மாலை வேளையில் நடந்து போனார்.

கதையில் இன்னொரு கட்டம் உண்டு. தருமபுரம் என்னும் ஊரில் பாணருடைய உறவினர்கள், யாழில் வாசிப்பதால்தான் சம்பந்தர் பாட்டுக்குப் புகழ் என்று பேசிக் கொண்டார்கள். பாணருக்கு மனம் பதறிற்று. யாழில் அடங்காத பாட்டு ஒன்றைப் பாடும்படி சம்பந்தரை வேண்டிக் கொண்டார். அவர் பாடினார். பாணர் முயன்று பார்த்தார். நரம்புகளில் அந்தப் பாட்டு வரவில்லை. யாழை உடைக்க ஓங்கினார். சம்பந்தர் கையைப் பிடித்துத் தடுத்தார். அந்தப் பாட்டின் பண்ணுக்கு யாழ்மூரி என்று பேர் நிலைத்து விட்டது.

புராணத்தை நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். ஆனால் அதற்குள் ஓர் உண்மை இருக்கிறது. யாழில் சில பாட்டுகள் வரா. ஏன் என்று தெரிந்து கொண்டால் யாழ் ஏன் மறைந்தது என்பதும் பாதி விளங்கி விடும்.

யாழ் என்றால் என்ன?

கிட்டாரைப் பார்த்திருப்பீர்கள். ஆறு தந்தி. கழுத்தில் குறுக்கே உலோகப் பட்டைகள். இடது கை விரலால் ஒரு தந்தியை ஒவ்வோர் இடமாக அழுத்த, ஒரே தந்தியில் பல சுரங்கள் வருகின்றன. வீணையிலும் இதே முறைதான். அதில் இருபத்து நான்கு மெட்டுகள் உண்டு. தந்தியைப் பக்கவாட்டில் இழுத்தால் ஒலி வளையும். அப்படி வளைப்பதுதான் கமகம். நம்முடைய சங்கீதத்துக்கு அது உயிர்.

யாழில் மெட்டு இல்லை. அழுத்துவதற்குப் பலகையும் இல்லை. ஒரு நரம்புக்கு ஒரு சுரம். ஏழு சுரம் வேண்டுமானால் ஏழு நரம்பு. இரண்டு ஸ்தாயி வேண்டுமானால் பதினான்கு நரம்பு. நீண்ட நரம்பு தாழ்ந்து ஒலிக்கும். குட்டை நரம்பு உயர்ந்து ஒலிக்கும். மேல்நாட்டில் ஹார்ப் என்கிறார்களே, அது யாழுக்குத் தங்கை. பர்மாவில் படகு போல வளைந்த ஒரு யாழை இன்றும் வாசிக்கிறார்கள்.

வேடனுடைய வில்லில் நாணைத் தெறித்தால் ஒலி எழும். அந்த ஒலியில் மயங்கிய எவனோ ஒருவன், இன்னொரு நாணையும் கட்டிப் பார்த்தான். அதுவே வில் யாழ். அடியில் பானை போல ஒரு குடுக்கையைச் சேர்த்துத் தோல் போர்த்தினால் ஒலி பெருகும். இப்படித்தான் யாழ் வளர்ந்தது. இருபத்தொரு நரம்பு கொண்டது பேரியாழ். பதினான்கு கொண்டது சகோட யாழ். ஏழு கொண்டது செங்கோட்டி யாழ்.

பாணர்கள் இதைத் தோளில் மாட்டிக் கொண்டு ஊர் ஊராகப் போனார்கள். அரசர்கள் பொன்னும் சோறும் கொடுத்தார்கள். பொருநராற்றுப்படை என்னும் பழைய பாட்டு யாழை உறுப்பு உறுப்பாக வர்ணிக்கிறது. அடிப்பக்கம் மானின் குளம்புத் தடம் போலப் பிளந்திருக்குமாம். தோலை இறுக்கும் ஆணிகள் வளைக்குள் இருக்கும் நண்டின் கண்களைப் போல இருக்குமாம். தண்டு தலை தூக்கிய பாம்பு போல நிமிர்ந்திருக்குமாம். தச்சன் ஒருவன் இந்தப் பாட்டைக் கேட்டால் உளியை எடுத்து விடுவான்!

இவ்வளவு பெருமையும் போயிற்று. ஒலியை வளைத்து வாசிக்க யாழில் வழி இல்லை. வீணையில் வழி இருந்தது. வீணை ஏற ஏற யாழ் இறங்கிற்று. பாணர் குலமும் சிதறிற்று. கடைசியில் பெயர் மட்டும் மிஞ்சியது. யாழ்ப்பாணம் என்ற ஊரின் பெயருக்கே, யாழ் வாசித்த கண்ணில்லாத ஒருவர் பரிசாகப் பெற்ற நிலம் என்று கதை சொல்வார்கள்.

முன்பு ஒரு பெண் செய்தது

சிதம்பரத்தில் இதற்கு முன்பே இப்படி ஒரு தேடல் நடந்திருக்கிறது. தேவார ஏடுகள் நடராஜர் கோயிலில் ஓர் அறையில் பூட்டிக் கிடந்தன. சோழ மன்னனும் நம்பியாண்டார் நம்பியும் திறந்து பார்த்தபோது கறையான் பாதியைத் தின்றிருந்தது. மிஞ்சிய பாட்டுகள் கிடைத்தன. பாடும் முறை கிடைக்கவில்லை. அப்போது எருக்கத்தம்புலியூரிலிருந்து திருநீலகண்ட யாழ்ப்பாணரின் மரபில் வந்த ஒரு பெண்ணைத் தில்லைக்கு அழைத்து வந்தார்கள். அவள் பண்களை வகுத்துக் கொடுத்தாள். திருமுறை கண்ட புராணம் இந்தக் கதையைச் சொல்கிறது. அந்தப் பெண்ணின் பெயரை மட்டும் அது சொல்லவில்லை. எனக்கு இது ஒரு குறையாகவே படுகிறது.

அந்தப் பெண்ணுக்கு மரபு இருந்தது. தாயும் பாட்டியும் பாடிக் கேட்டிருப்பாள். விபுலானந்தருக்கு அதுவும் இல்லை. அவர் பாணர் குலம் அல்ல. சங்கீத வித்துவானும் அல்ல. விஞ்ஞானம் படித்த தமிழ்ப் பேராசிரியர். காது கொடுத்த உதவியை விடக் கணக்குக் கொடுத்த உதவியே அவருக்கு அதிகம்.

இருபத்தைந்து வரி

சிலப்பதிகாரத்தில் அரங்கேற்று காதை என்று ஒரு பகுதி. மாதவி அரங்கேறுகிறாள். ஆட்டம் சொல்லிக் கொடுத்தவன் எப்படிப்பட்டவன், பாட்டு வாத்தியார் எப்படிப்பட்டவன், யாழ் ஆசிரியன் எப்படிப்பட்டவன் என்று இளங்கோவடிகள் வரிசையாகச் சொல்லிக் கொண்டு போகிறார். யாழ் ஆசிரியனுக்கு அவர் ஒதுக்கியது இருபத்தைந்து வரி.

பண்டிதர்கள் அந்த இடத்துக்கு வந்ததும் வேகமாகத் தாண்டிப் போவது வழக்கம். சொற்கள் புரியும், விஷயம் புரியாது. அடியார்க்கு நல்லார் போன்ற பழைய உரையாசிரியர்கள் விளக்கம் எழுதியிருக்கிறார்கள். ஆனால் அந்த விளக்கத்துக்கே ஒரு விளக்கம் தேவை. விபுலானந்தர் அந்த இருபத்தைந்து வரியில் உட்கார்ந்து கொண்டார். பின்னால் அவர் எழுதிய பெரிய நூல் முழுவதும் அந்த வரிகளுக்கு ஒரு விரிவுரையே.

எப்படிச் செய்தார்? ஒரே ஒரு பகுதியை மட்டும் எளிதாகச் சொல்கிறேன்.

பழந்தமிழில் ஏழு சுரங்களுக்குக் குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்று பெயர். இவற்றுக்கு முறையே நான்கு, நான்கு, மூன்று, இரண்டு, நான்கு, மூன்று, இரண்டு என்று அளவு சொன்னார்கள். கூட்டிப் பாருங்கள். இருபத்திரண்டு வரும். இது என்ன கணக்கு? விஞ்ஞானம் படித்தவருக்கு இது கேள்வி. ஒரு தந்தியைச் சரி பாதியாக்கினால் அதே சுரம் ஒரு ஸ்தாயி மேலே ஒலிக்கும். மூன்றில் இரண்டு பங்காக்கினால் பஞ்சமம் வரும். நான்கில் மூன்று பங்காக்கினால் மத்தியமம். நீளத்துக்கும் சுரத்துக்கும் உள்ள உறவு மாறாதது. ஆயிரம் ஆண்டுக்கு முன்பும் இதுதான். இன்றைய கிட்டாரிலும் இதுதான். எனவே யாழ் அழிந்தாலும் அதன் கணக்கு அழியவில்லை. அந்தக் கணக்கைப் பிடித்துக் கொண்டு அவர் பின்னோக்கி நடந்தார்.

இன்னொன்று. யாழில் பாட்டுக்குப் பாட்டு எல்லா நரம்பையும் முறுக்கிக் கொண்டிருக்க முடியாது. பாணர்கள் ஒரு தந்திரம் செய்தார்கள். நரம்புகளை அப்படியே வைத்துக் கொண்டு, தொடங்கும் நரம்பை மட்டும் மாற்றினார்கள். ஹார்மோனியம் இருந்தால் நீங்களே செய்து பார்க்கலாம். வெள்ளைக் கட்டைகளை மட்டும் வாசியுங்கள். ஒரு கட்டையில் தொடங்கினால் சங்கராபரணம். அதற்கு அடுத்த கட்டையைச் சட்ஜமாக வைத்தால் கரகரப்பிரியா. அதற்கும் அடுத்ததில் தோடி. பிறகு கல்யாணி. பிறகு அரிகாம்போதி. கட்டைகள் மாறவில்லை; ராகம் மாறிவிட்டது! இந்த வித்தையைப் பழந்தமிழர் பாலைத் திரிபு என்றார்கள். விபுலானந்தர் இதை விரித்து, நூற்று மூன்று பண்கள் என்று பழைய நூல்கள் சொல்லும் கணக்குக்கு வழி காட்டினார்.

ஏட்டை மட்டும் அவர் நம்பவில்லை. கல்லையும் பார்த்தார். அமராவதிச் சிற்பங்களில் யாழ் வாசிக்கும் உருவங்கள் உண்டு. புதுக்கோட்டைப் பக்கம் குடுமியான்மலையில் பாறையில் வெட்டிய சங்கீதக் கல்வெட்டு உண்டு. எகிப்து, சுமேரியா முதலிய பழைய நாடுகளின் யாழ்களையும் ஒப்பிட்டுப் பார்த்தார்.

தமிழ் இசையின் பழமையைத் தேடியவர்களில் அவர் முதல்வர் அல்ல. தஞ்சாவூரில் ஆபிரகாம் பண்டிதர் என்ற சித்த வைத்தியர் சொந்தப் பணத்தைச் செலவழித்து 1917-ல் கருணாமிர்த சாகரம் என்ற பெரிய நூலை வெளியிட்டிருந்தார். சுருதி இருபத்திரண்டு அல்ல, இருபத்து நான்கு என்பது அவர் கட்சி. மருந்து செய்த வைத்தியரும், விஞ்ஞானம் படித்த சந்நியாசியும் இசையின் கணக்கைப் போட்டார்கள் என்பதை நினைத்தால் வியப்பாக இருக்கிறது.

ஊர் ஊராக ஓர் ஆராய்ச்சி

1933-ல் அடிகள் அண்ணாமலை நகரை விட்டுப் புறப்பட்டார். இலங்கையில் பள்ளிக்கூட வேலைகள் காத்திருந்தன. ஆனால் யாழ் அவரை விடவில்லை. பிறகும் அண்ணாமலைப் பல்கலைக் கழகத்தார் அழைக்க, வந்து யாழைப் பற்றிச் சொற்பொழிவு செய்தார்.

நிம்மதியாக ஓரிடத்தில் உட்கார்ந்து எழுத அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை. 1936-ல் சென்னையில் விஞ்ஞானக் கலைச் சொற்களைத் தமிழில் ஆக்க மகாநாடு கூட்டினார்கள். அதற்குத் தலைமை வகித்தார். 1939-ல் இமயமலையில் மாயாவதி ஆசிரமத்துக்குப் போய், பிரபுத்த பாரதம் என்ற ஆங்கிலப் பத்திரிகைக்கு ஆசிரியரானார். பனி மலையில் உட்கார்ந்து வேதாந்தம் எழுதினார். கூடவே யாழ்க் கணக்கும் போட்டார். 1943-ல் இலங்கைப் பல்கலைக் கழகத்தில் முதல் தமிழ்ப் பேராசிரியரானார்.

அந்தக் காலத்தில் இலங்கையிலிருந்து தமிழ்நாட்டுக்கு வருவது என்றால் தலைமன்னாரில் கப்பல் ஏறி, தனுஷ்கோடியில் இறங்கி, ரயில் பிடிக்க வேண்டும். யுத்த காலம் வேறு. காகிதம் கிடைப்பதே கஷ்டம். அடிகளின் உடம்பும் தளர்ந்து கொண்டு வந்தது. புத்தகம் முந்துமா, நோய் முந்துமா என்ற நிலை.

தஞ்சைக் கரந்தைத் தமிழ்ச் சங்கம் நூலை வெளியிட முன்வந்தது. கோனூர் ஜமீன்தார் சிதம்பரம் செட்டியார் பொருளுதவி செய்தார். நூலுக்கு ஏழு இயல்கள். யாழின் உறுப்புகள், நரம்புகளின் கணக்கு, பாலை, பண், தேவாரம் என்று அது விரிகிறது. பெயர் யாழ் நூல்.

திருக்கொள்ளம்பூதூரில் இரண்டு நாள்

பதினான்கு வருஷ உழைப்பு 1947-ம் ஆண்டு ஜூன் மாதம் 5, 6 தேதிகளில் அரங்கேறியது. இடம் சென்னை அல்ல, கொழும்பும் அல்ல. சோழநாட்டில் திருக்கொள்ளம்பூதூர் என்னும் சிறிய கிராமம். அங்கேயும் சம்பந்தர் கதை ஒன்று உண்டு. ஆற்றில் வெள்ளம். ஓடக்காரன் இல்லை. சம்பந்தர் அடியாரோடு ஓடத்தில் ஏறிப் பாட, பாட்டே துடுப்பாக ஓடம் அக்கரை சேர்ந்ததாம்.

அந்தக் கோயிலில் புலவர்களும் வித்துவான்களும் கூடினார்கள். அடிகளை ஊர்வலமாக அழைத்துச் சென்றார்கள். அவருடைய கணக்குப்படி செய்த யாழ்களையும் வீணைகளையும் சிலர் கைகளில் ஏந்திக் கொண்டு முன்னே நடந்தார்கள். அம்மன் சந்நிதியில் நூல் அரங்கேறியது.

ஆனாலும் கூட்டம் காத்திருந்தது வேறொன்றுக்கு. புத்தகத்தில் கணக்குச் சரியாக இருக்கலாம். மரத்திலும் நரம்பிலும் சரியாக வருமா? வராவிட்டால் பதினான்கு வருஷமும் வெறும் ஏட்டுச் சுரைக்காய்.

க. பொ. சிவானந்தம் பிள்ளை யாழை எடுத்து உட்கார்ந்தார். அவர் கை தேர்ந்த வைணிகர். தஞ்சை நால்வர் மரபில் வந்தவர். அவருடைய தகப்பனார் பொன்னையா பிள்ளை அண்ணாமலைப் பல்கலைக் கழகத்தில் சங்கீதப் பேராசிரியராக இருந்தவர். வீணை வாசித்துப் பழகிய விரல்கள் இப்போது மெட்டு இல்லாத வாத்தியத்தைத் தொட்டன. நரம்புகள் ஒலித்தன. பல நூறு ஆண்டுகளாகப் பாட்டில் மட்டும் இருந்த யாழ் காதில் விழுந்தது.

அடிகள் அதைக் கேட்டுக் கொண்டிருந்தார். அப்போது அவருக்கு வயது ஐம்பத்தைந்து. நோயால் மிகவும் மெலிந்திருந்தார்.

அரங்கேற்றம் முடிந்து இலங்கைக்குத் திரும்பினார். நாற்பத்து மூன்று நாட்கள்தான் சென்றன. 1947-ம் ஆண்டு ஜூலை மாதம் 19-ந் தேதி கொழும்பில் காலமானார். உடலை மட்டக்களப்புக்குக் கொண்டு போய், கல்லடி உப்போடையில், அவரே கட்டி எழுப்பிய சிவானந்த வித்தியாலயத்தின் அருகில் அடக்கம் செய்தார்கள்.

அவருடைய முடிவுகள் எல்லாவற்றையும் எல்லாரும் ஒப்புக் கொண்டார்கள் என்று சொல்ல முடியாது. சுருதிக் கணக்கில் இசை அறிஞர்கள் இன்னும் வாதாடிக் கொண்டுதான் இருக்கிறார்கள். நூலும் கடினமானது. எடுத்தவுடன் படித்து விட முடியாது. நானும் பாதியில் மூடி வைத்துத் திரும்ப எடுத்தவன்தான். ஆனால் யாழைப் பற்றி யார் பேசினாலும் அந்த நூலிலிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது.

அண்மை ஆண்டுகளில் சென்னையில் ஓர் இளைஞர் பழைய நூல்களைப் படித்து மரத்தில் யாழ் செய்திருக்கிறார். அந்த யாழை வாசித்துப் பாட்டும் பதிவாகியிருக்கிறது. கைப்பேசியில் தேடினால் கேட்கலாம். அந்த இளைஞரின் தொழில் கிட்டார் செய்வது.